புனைபெயரில் எழுத வருகிறீர்களா? முதலில் போன் எண்ணைக் கவனியுங்கள்

ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சமூக ஊடகத்தில் புனைபெயரில் கணக்குத் தொடங்கினேன். வேலை பார்க்கும் இடத்தில் நடப்பதைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. சொந்தப் பெயரில் எழுதினால் மறுநாளே மேலாளர் அறைக்கு அழைப்பு வரும். புது மின்னஞ்சல், புதுப் பெயர், முகப்புப் படத்துக்கு ஒரு வேப்பமரம். ஆளே தெரியாது என்ற நிம்மதியில் மூன்று வாரம் எழுதினேன். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மகன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டான்: “அண்ணா, அந்த வேப்பமரக் கணக்கு உங்களுடையதுதானே?”

அவன் துப்பறியவில்லை. கணக்குத் தொடங்கும்போது ஓடிபி பெறுவதற்காக என் போன் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவனோ அதே செயலியை நிறுவியபோது, தொடர்புப் பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு ‘சரி’ என்று தட்டியிருக்கிறான். அந்தப் பட்டியலில் என் எண் இருந்தது. இரண்டையும் ஒட்டிப் பார்த்த செயலி, ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று வேப்பமரத்தை அவன் திரையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. எந்தப் பூட்டையும் யாரும் உடைக்கவில்லை. சாவியை நானே கொடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு படித்ததையும் பட்டதையும் வைத்து, புதிதாகப் புனைபெயரில் எழுத வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினி அறிவு அதிகம் தேவையில்லை. ஆனால் வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் விபிஎன் (உங்கள் இணைய இணைப்பை இன்னொரு நிறுவனத்தின் கணினி வழியாகத் திருப்பிவிடும் சேவை) வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது கூரையிலிருந்து வீடு கட்டுகிற வேலை.

யாரிடமிருந்து மறைய வேண்டும்?

ஒரு தாளை எடுத்து, இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் நீங்கள்தான் என்று யாருக்குத் தெரியக் கூடாது என்பதை எழுதுங்கள். அலுவலகமும் உறவினர்களும் என்றால் வேலை எளிது. உங்கள் ஒவ்வொரு தேடலையும் தொகுத்து வைக்கும் விளம்பர நிறுவனங்கள் என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். நீதிமன்ற உத்தரவோடு வரும் காவல்துறை என்றால், புனைபெயர் ஒரு கவசமே இல்லை. தங்களிடம் இருக்கும் விவரத்தைச் சட்டப்படி கேட்டால் எல்லா நிறுவனங்களும் கொடுத்தே ஆக வேண்டும். ஒருவரை அவதூறு செய்துவிட்டுப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

நான் மனத்தில் வைத்திருப்பது தனியார் மருத்துவமனைச் செவிலியர், பள்ளி ஆசிரியர், மாமியார் வீட்டில் இருந்துகொண்டு கவிதை எழுதும் பெண் போன்றவர்களை. உயிருக்கே ஆபத்து இருக்கும் நிலையில் எழுதுபவருக்கு இங்கே சொல்வது போதாது. அவர் இதில் பயிற்சி உள்ள ஒருவரை நேரில் பார்ப்பதுதான் சரி.

எண், எண், எண்

இந்தியாவில் சிம் அட்டை வாங்க அடையாளச் சான்றும் புகைப்படமும் கொடுக்கிறோம். ஆகவே போன் எண் என்பது பத்து இலக்கத்தில் எழுதப்பட்ட உங்கள் பெயர். வங்கி, எரிவாயு இணைப்பு, பிள்ளையின் பள்ளி, மளிகைக் கடைக் கணக்கு எல்லாவற்றிலும் அதே எண் இருக்கிறது. போதாததற்கு, உங்களைத் தெரிந்த நூறு பேரின் போன்களில் அது உங்கள் பெயரோடு பதிந்திருக்கிறது. அந்த நூறு பேரில் ஒருவர் தன் தொடர்புப் பட்டியலை ஒரு செயலிக்குத் திறந்துவிட்டால், நீங்கள் அந்தச் செயலியை நிறுவியதே இல்லை என்றாலும் உங்கள் பெயரும் எண்ணும் அங்கே போய்விடும். ட்ரூகாலரில் தெரியாத எண்ணைப் போட்டால் பெயர் வருகிறதே, அதைப் பார்த்தாலே எண்ணும் பெயரும் எவ்வளவு ஒட்டிக் கிடக்கின்றன என்பது புரியும்.

எனவே முதல் படி, புனைபெயருக்குப் போன் எண்ணே கொடுக்காமல் இருப்பது. கணக்குத் தொடங்கும் பக்கத்தில் பெரும்பாலும் போன் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். கீழே சிறிய எழுத்தில் ‘மின்னஞ்சல் வழியாக’ என்று இன்னொரு வழி இருக்கும். அதைத் தேடுங்கள். எண் இல்லாமல் முடியவே முடியாது என்கிற தளத்தை, முடிந்தால் விட்டுவிட்டு வேறு தளம் பாருங்கள். முகநூலைப் பொறுத்தவரை, அன்றாட வாழ்க்கையில் எந்தப் பெயரில் அறியப்படுகிறீர்களோ அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. யாராவது புகார் கொடுத்தால் அடையாள அட்டை கேட்பார்கள். புனைபெயருக்கு அது நல்ல மண் இல்லை.

இரண்டாவது சிம் வாங்கிக்கொண்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். உறவினர்களின் பட்டியலில் அந்த எண் இருக்காது என்ற அளவில் அது உதவும். ஆனால் அதுவும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ‘யார் பெயரிலோ வாங்கிய சிம்’ பக்கமே போகாதீர்கள். ஆள்மாறாட்டம் செய்து சிம் பெறுவதற்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது. இந்த இடத்தில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள்: மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத எண் ஏதாவது இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

ஏற்கெனவே எண் கொடுத்துவிட்டவர்கள் அமைப்புகளுக்குள் போய், ‘எண்ணை வைத்து என்னை யார் கண்டுபிடிக்கலாம்’ என்ற இடத்தில் குறைந்தபட்ச அனுமதியைத் தேர்ந்தெடுங்கள். டெலிகிராமில் இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. எண்ணை யார் பார்க்கலாம் என்பது ஒன்று, எண்ணை வைத்து யார் தேடிப் பிடிக்கலாம் என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. சிக்னல் என்ற செய்திச் செயலியில் 2024 பிப்ரவரியிலிருந்து பயனர் பெயர் வசதி வந்துவிட்டது. சேர்வதற்கு எண் வேண்டும் என்றாலும், பேசுகிறவரிடம் எண்ணைக் காட்ட வேண்டியதில்லை.

பணம் வாங்குவதிலும் இதே கண்ணிதான். ‘என் எழுத்து பிடித்திருந்தால் ஒரு தேநீருக்கான காசு அனுப்புங்கள்’ என்று க்யூஆர் கோடு போடுகிறார்கள். அதை ஸ்கேன் செய்பவர் பணம் அனுப்பக்கூட வேண்டியதில்லை. தொகையை எழுதும் திரையிலேயே வங்கிக் கணக்கில் உள்ள முழுப் பெயர், இனிஷியலோடு, வந்து நிற்கும். யுபிஐ முகவரியே போன் எண்ணாக இருந்தால் இன்னும் விசேஷம். பத்திரிகைக் காலத்தில் புனைபெயரின் ரகசியத்தை முதலில் தெரிந்துகொண்டவர், சன்மான மணியார்டர் கொண்டுவந்த தபால்காரராக இருந்திருப்பார். அவர் ஒரு தெருவுக்கு மட்டும்தான் சொல்லியிருக்க முடியும்.

புதுப் பெயருக்குப் புது மின்னஞ்சல்

போதைப்பொருள் விற்ற ‘சில்க் ரோடு’ என்ற மறைமுகச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் 2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பொது நூலகத்தில் கைதானார். தன் தளத்தை, யார் எங்கிருந்து வருகிறார் என்பதை மறைக்கும் டார் வலையமைப்புக்குள் ஒளித்துவைத்து, பணத்தைப் பிட்காயினில் வாங்கியவர். அவ்வளவு செய்தவரை நோக்கி முதலில் கை நீட்டியது ஒரு சாதாரண கூகுள் தேடல். 2011இல் சில்க் ரோடு பற்றி இணையத்தில் முதன்முதலாகப் பேச்சைத் தொடங்கிய ஒரு புனைபெயரை வரித்துறைப் புலனாய்வாளர் ஒருவர் தேடிப் பிடித்தார். அதே புனைபெயர், சில மாதங்கள் கழித்து வேலைக்கு ஆள் கேட்ட இன்னொரு பதிவில், தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருந்தது. அந்த முகவரி அவருடைய சொந்தப் பெயர்.

அவர் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், நாம் கவிதை எழுதுகிறவர்கள். ஆனால் தவறு ஒன்றுதான்: இரண்டு பெயர்களும் ஒரே ஒரு முறை தொட்டுக்கொண்டன. இனி வரும் எல்லாப் படிகளும் அந்தத் தொடுதலைத் தவிர்ப்பதற்கானவை.

புனைபெயருக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். புரோட்டான் மெயில், டுடா போன்ற சேவைகளில் போன் எண் இல்லாமல் தொடங்க வாய்ப்பு அதிகம். கூகுள் பெரும்பாலும் எண் கேட்கும். ‘மீட்பு மின்னஞ்சல்’ என்று ஒரு கட்டம் வரும். கை தானாக உங்கள் பழைய முகவரியை அடிக்கப் போகும், அதைத் தடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாகக் கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீடுகளையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பழைய கடவுச்சொல்லில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் போடுவது இங்கே இரட்டைத் தவறு: களவு போன கடவுச்சொல் பட்டியல்களில் ஒரே மாதிரியான இரண்டு கடவுச்சொற்கள், இரண்டு முகவரிகளும் ஒருவருடையவைதான் என்று காட்டிக்கொடுத்துவிடும். பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகங்கள் இலவசம். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் ஏற்பாடு) எஸ்எம்எஸ் வேண்டாம், அதற்கென்று உள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்எஸ் என்றால் மறுபடியும் எண்.

சேவைகளின் விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள் என்பதற்கு ஒரு சம்பவம். 2021இல் பிரான்சின் காலநிலைப் போராளி ஒருவரைப் பற்றிய வழக்கில், சுவிட்சர்லாந்து அதிகாரிகளின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, புரோட்டான் மெயில் அவர் கணக்கின் ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பதிவுசெய்து கொடுத்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தை அவர்களால் படிக்க முடியாது. எங்கிருந்து நுழைகிறீர்கள் என்பதைக் குறித்துவைக்க முடியும். ஐபி பதிவு வைப்பதில்லை என்று தளத்தில் எழுதியிருந்த வாசகத்தை அதன் பிறகு மாற்றிக்கொண்டார்கள். இவ்வளவு சொன்ன பிறகும், செவிலியருக்கும் ஆசிரியருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். மேலாளரால் சுவிஸ் நீதிமன்ற உத்தரவு வாங்க முடியாது.

உலாவியைப் பிரித்து வையுங்கள்

ஒரே உலாவியில் (பிரவுசர்) இரண்டு கணக்குகளையும் வைத்துக்கொண்டால், என்றாவது ஒரு நாள் அலுவலகப் பெயரில் இருந்துகொண்டு வேப்பமரத்துக்குப் பதில் எழுதிவிடுவீர்கள். நானும் எழுதியிருக்கிறேன். நாற்பது நொடியில் அழித்தேன், அந்த நாற்பது நொடி நீண்டது. புனைபெயருக்கென்று வேறு உலாவியே வைத்துக்கொள்வது எளிய வழி. ஃபயர்பாக்ஸில் ‘புரொஃபைல்’ என்ற வசதி உண்டு, அதில் தனித்தனி அறைகள்போலப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வேறு வேறு நிறம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கையைத் தடுக்கும். அந்த உலாவியில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை நிறுவுங்கள். விளம்பரங்களோடு, தளத்துக்குத் தளம் பின்தொடரும் கண்காணிப்பு நிரல்களையும் அது நிறுத்துகிறது.

மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) போதாதா? போதாது. அந்தச் சாளரத்தை மூடியதும் உங்கள் கணினியில் வரலாறும் குக்கீகளும் (உங்களை நினைவில் வைக்கத் தளங்கள் போட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) அழிகின்றன. வீட்டில் அதே கணினியைத் தொடும் மற்றவர்களிடமிருந்து மறைக்க அது உதவும். நீங்கள் போன தளத்துக்கும், இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்கும், அலுவலக வலையமைப்பைக் கவனிப்பவருக்கும் நீங்கள் மறையவில்லை. குரோமின் மறைநிலையில் இருந்தவர்களின் தகவலையும் திரட்டியதாக 2020இல் அமெரிக்காவில் கூகுள்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 2024இல் சமரசமானது. திரட்டியிருந்த ஏராளமான பதிவுகளை அழிக்கவும், மறைநிலை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாக எழுதவும் கூகுள் ஒப்புக்கொண்டது.

குக்கீகளை அழித்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. திரையின் அளவு, நேர மண்டலம், நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், மொழி என்று உங்கள் உலாவி தளங்களிடம் நிறையச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தனித்தனியாக அவை ஒன்றுமில்லை, சேர்த்தால் கைரேகை. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 2010இல் சுமார் 4,70,000 உலாவிகளைச் சோதித்துப் பார்த்ததில், 83.6 சதவீதம் வேறு எதோடும் பொருந்தாமல் தனித்து நின்றன. அவர்களுடைய ‘கவர் யுவர் டிராக்ஸ்’ என்ற தளத்தில் உங்கள் உலாவியை நீங்களே சோதிக்கலாம்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. உலாவியின் முதன்மை மொழியாகத் தமிழை வைத்தால், நீங்கள் போகும் ஒவ்வொரு தளத்துக்கும் ‘இவர் தமிழ் விரும்புகிறார்’ என்ற குறிப்பு போகிறது. தமிழ்த் தளத்தில் அது கூட்டத்தோடு கூட்டம். உலகப் பொதுவான தளத்தில், லட்சம் பேர் நிற்கிற இடத்தில் நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு நிற்பது போல. பழைய பாமினி முதலான எழுத்துருக்களைக் கணினியில் குவித்து வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். என் அன்றாட உலாவி தமிழில்தான் இருக்கிறது, இதற்காக அதை மாற்றப்போவதில்லை. புனைபெயர் உலாவியை மட்டும் ஆங்கிலத்தில் விட்டுவிட்டேன். மனம் ஒப்பாமல்தான்.

இணைப்பு: விபிஎன்னும் டாரும்

நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது உங்கள் ஐபி முகவரி அந்தத் தளத்துக்குத் தெரிகிறது. அதை வைத்து எந்த நிறுவனத்தின் இணைப்பு, தோராயமாக எந்த ஊர் என்று சொல்லலாம். எந்த வீடு என்பது அந்த இணைப்பு நிறுவனத்துக்குத்தான் தெரியும். பூட்டுப் படம் உள்ள தளங்களில் நீங்கள் எழுதுவதையும் படிப்பதையும் இடையில் இருப்பவர்களால் பார்க்க முடியாது, எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் பெரும்பாலும் தெரியும். கடித உறைபோலத்தான். ஆண்ட்ராய்டு 9 முதல் போன் அமைப்புகளில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒன்று இருக்கிறது. தளங்களின் பெயரை விசாரிக்கும் கேள்விகளை அது உறைக்குள் போட்டு அனுப்புகிறது. இரண்டு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

விபிஎன் என்ன செய்கிறது? உங்கள் இணைப்பு நிறுவனத்துக்குப் பதிலாக விபிஎன் நிறுவனம் எல்லாவற்றையும் பார்க்கிறது. நம்பிக்கையை ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். இலவச விபிஎன் என்றால், அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்தியாவில் இன்னொரு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி முகவரி, எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பது உட்பட எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் போன்றவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. ஆகவே விபிஎன் வாங்கும் முன் அந்த நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று பாருங்கள். ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்திருக்கும்போது விபிஎன் நல்லது. அதைப் போட்டுக்கொண்டு சொந்த ஜிமெயிலுக்குள் நுழைந்தால், முகமூடி அணிந்துகொண்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

டார் வேறு வகை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1990களில் பிறந்த யோசனை, இப்போது ஒரு லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. உங்கள் செய்தியை மூன்று உறைகளுக்குள் போட்டு, மூன்று இடைக்கணினிகள் வழியாக அனுப்புகிறது. முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக்கு எங்கே போகிறது என்று தெரியும், யார் அனுப்பியது என்று தெரியாது. டார் உலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடது பக்கம் உள்ள சின்னத்தைத் தட்டினால், உங்கள் பக்கம் இப்போது எந்த மூன்று நாடுகளைச் சுற்றி வந்தது என்று காட்டும். ஒரு முறையாவது பாருங்கள், விஷயம் சட்டென்று புரிந்துவிடும். அதில் புதிதாக எந்த நீட்சியையும் (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்) நிறுவாதீர்கள். எல்லோருடைய டார் உலாவியும் ஒன்றுபோல இருப்பதுதான் அதன் பலம். மெதுவாகத்தான் இருக்கும். சில தளங்கள் படம் காட்டி ‘நீங்கள் மனிதரா’ என்று சலிப்பூட்டும்.

ஆனால் டார் பயன்படுத்துகிறீர்கள் என்பதே ஒரு தகவல். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வைத் தள்ளிப்போடுவதற்காக ஒரு மாணவர் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்களை அனுப்பினார். தற்காலிக மின்னஞ்சல், அதுவும் டார் வழியாக. அனுப்பியது டாரிலிருந்து என்பது தெரிந்ததும், அந்த நேரத்தில் வளாக வைஃபையில் டாரோடு இணைந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். அந்தச் சிறிய பட்டியலில் அவர் பெயர் இருந்தது. விசாரித்ததும் ஒப்புக்கொண்டார். டாரை யாரும் உடைக்கவில்லை. அலுவலகத்தைப் பற்றி அலுவலக வைஃபையிலிருந்து எழுதாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் எழுதாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

படங்களும் கோப்புகளும்

போனில் எடுக்கும் படத்துக்குள், இருப்பிடம் காட்டும் அமைப்பு திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்படுகின்றன. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குப் பெயர் போன ஜான் மெக்காஃபி 2012இல் பெலீஸ் நாட்டுக் காவல்துறை தன்னை விசாரணைக்குத் தேடியபோது தலைமறைவானார். கூடவே போன பத்திரிகையாளர்கள் அவரோடு எடுத்த படத்தை டிசம்பர் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். அந்தப் படத்துக்குள் குவாத்தமாலாவில் அவர் நின்ற இடத்தின் எண்கள் அப்படியே இருந்தன. சில நாட்களில் பிடிபட்டார். கணினிப் பாதுகாப்பில் கோடிகள் சம்பாதித்தவருக்கே இது நடந்தது.

கேமரா அமைப்பில் இருப்பிடத்தை நிறுத்திவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும், அதையே ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் ஒட்டிக்கொண்டே போகும். விண்டோஸில் படத்தின்மேல் வலது பக்கம் சொடுக்கி ‘புராப்பர்ட்டீஸ்’, ‘டீடெய்ல்ஸ்’ என்று போனால், கீழே தனிப்பட்ட விவரங்களை நீக்கும் இணைப்பு இருக்கும். வேர்டு கோப்பில் எழுதியவர் பெயர் தானாகப் பதிகிறது. கட்டுரையைப் பத்திரிகைக்குப் புனைபெயரில் அனுப்பி, கோப்புக்குள் சொந்தப் பெயரை வைத்து அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். பிடிஎஃப் கோப்பில் ஒரு பெயரின்மேல் கறுப்புப் பட்டை வரைவதால் அந்தப் பெயர் போய்விடாது. பல சமயங்களில் பட்டையைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் அடியில் இருப்பது வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், மேல் விளிம்பை வெட்டுங்கள். அங்கே நேரமும் சிம் நிறுவனமும் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத மூன்று அறிவிப்புச் சின்னங்களும் இருக்கும். வெட்டாத படத்தைப் பார்த்து ‘அப்போது நீ எந்த ஷிஃப்டில் இருந்தாய்’ என்று யாராவது கணக்குப் போடலாம்.

உங்கள் தமிழே உங்களைக் காட்டிக்கொடுக்கும்

இதற்கு மென்பொருள் கிடையாது. திருவிழாவை ‘நோம்பி’ என்று எழுதினால் கொங்கு நாடு. தொடுகறியை ‘வெஞ்சனம்’ என்றால் மதுரை, விருதுநகர்ப் பக்கம். லுங்கியைச் ‘சாரம்’ என்றால் நெல்லை, குமரி, இல்லையென்றால் யாழ்ப்பாணம். மாவட்டம் தெரிந்துவிட்டது. அதோடு ‘இருபது வருடமாக இந்த மருத்துவமனையில்’, ‘என் இரண்டு பெண்களும்’, ‘ஆற்றுப் பாலம் தாண்டி வேலைக்குப் போகும்போது’ என்று மூன்று பதிவுகளில் மூன்று சொன்னால், அந்த ஊரில் மிஞ்சுவது நீங்கள் ஒருவர்தான்.

2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவும் என்று நினைத்து, சுமார் 6,50,000 பேரின் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். 4417749 என்ற எண்ணுக்குரியவர் தன் ஊரில் தோட்ட வேலை செய்பவர்களைத் தேடியிருந்தார், தன் குடும்பப் பெயர் கொண்டவர்களைத் தேடியிருந்தார், நாயின் தொல்லைக்கும் விரல் மரத்துப்போவதற்கும் வழி தேடியிருந்தார். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் நேரே ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த 62 வயதுப் பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

வட்டாரச் சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை விட்டால் எழுத்தில் என்ன இருக்கிறது? விவரங்களை மாற்றுங்கள். இரண்டு பெண்களை ஒரு பையனாக்குங்கள், பாலத்தை ரயில்வே கேட் ஆக்குங்கள். நடந்ததை அன்றே எழுதாமல் மூன்று வாரம் தள்ளி எழுதுங்கள். அலுவலகத்தில் காலையில் நடந்த சண்டை சாயங்காலம் இணையத்தில் வந்தால், அறையில் இருந்த ஏழு பேரில் ஒருவர் என்று தெரிந்துவிடும்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதும் இந்தப் பிரிவில்தான் வரும். ஜே. கே. ரௌலிங் ஆண் பெயர் ஒன்றில் துப்பறியும் நாவல் எழுதியது 2013இல் வெளிவந்தபோது, கணினி அவருடைய சொல்நடையை ஆராய்ந்து கண்டுபிடித்ததாகப் பெரிதாகப் பேசப்பட்டது. அந்த ஆராய்ச்சி சந்தேகத்தை உறுதிப்படுத்தத்தான் உதவியது. ரகசியம் கசிந்த இடம் வேறு: அவருடைய வழக்கறிஞர் நிறுவனத்தில் இருந்த ஒருவர் தன் மனைவியின் தோழியிடம் சொல்லியிருக்கிறார், அந்தத் தோழி அதை ட்விட்டரில் போட்டுவிட்டார்.

கடைசிப் படி

விதிவிலக்காக ஒருவரிடம் சொல்லலாம் என்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நீங்கள் முழுதாக நம்பும் ஒருவரிடம் புனைபெயரின் கடைசிப் பத்துப் பதிவுகளைக் கொடுத்து, ‘இதை எழுதியவரைப் பற்றி என்னவெல்லாம் தெரிகிறது, பட்டியல் போடு’ என்று கேளுங்கள். நான் என் பழைய வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். பழைய மின்சாரக் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். நாற்பதைத் தாண்டியவர். தெற்கத்திக்காரர், ஆனால் இப்போது அங்கே இல்லை. தொழிற்சாலை, மூன்று ஷிஃப்ட். சர்க்கரை நோய் உண்டு, ஒத்துக்கொள்வதில்லை. விடிகாலையில் ரயில் ஓசை கேட்கும் வீடு. வியாழக்கிழமைகளில் எழுதுவதில்லை. ஏழாவதாக, ‘வேப்பமரத்துக்குப் பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டி உங்கள் தெருமுனையில் இருப்பது’ என்று எழுதியிருந்தாள்.

படத்தை அன்றிரவே மாற்றினேன். இப்போது வெறும் நீல வட்டம். வியாழக்கிழமைக்கென்று இரண்டு பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன். சர்க்கரையைப் பற்றி மருத்துவரிடம் போனேன்.